உவம உருபு

மேயோ ஹால் மாடிப்படியில்
ஜாமீன்தாரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று
வக்கீல் வீணா கேட்டார்:
சேர்ந்து வாழ்ந்ததற்கு
கையில் என்ன இருக்கிறது?

கை இருக்கிறது.
மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு.
அன்று பற்பசை தடவி
விடியும்வரை ஊதிக்கொண்டிருந்தான்.
ஊதியதற்கு ரசீது இல்லை.

சபேசனின் பதில் மனு மூன்றே பக்கம்.
அதில் நான்
"வாடகையைப் பகிர்ந்துகொண்ட தோழி".
ஒன்பது வருஷம்.
அகப்பாட்டில் வரும் தோழிகூட
ஊர் தூங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்லிவிட்டு
வாசலோடு நின்றுகொள்வாள்.

களவு என்றால் களவு, கற்பு என்றால் கற்பு.
லிங்கராஜபுரம் இரண்டாம் மாடியில்
இடையில் நாங்கள் இருந்ததற்குப்
பழைய இலக்கணத்தில் துறை இல்லை.
சட்டத்தில் இருக்கிறது, நீளமாக:
திருமணத்தின் தன்மையிலான உறவு.
உறைந்ததா, வெறும் புளித்த பாலா என்று
ஒரு மாஜிஸ்திரேட்
மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில்.
கேஸ் அவன் பெயரில்.
தண்ணீர் கேன் போடும் முனிராஜு
என்னை அக்கா என்றும் அவனை பாவா என்றும் கூப்பிடுவான்,
கொரோனாவில் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.
புகைப்படங்களில் ஒன்று அவன் இருப்பான்
அல்லது நான்.
அவன் அம்மா வரும் தீபாவளிகளில்
என் செருப்பு, பிரஷ், மாதவிடாய் நாப்கின்,
தலையணையில் கிடந்த முடி வரை பொறுக்கிக்கொண்டு
கம்மனஹள்ளி ஹாஸ்டலுக்குப் போனேன்.
மாரிக்குப்பத்திலிருந்து அம்மா கூப்பிட்டால்
"ஹாஸ்டல்லதாம்மா இருக்கேன்".
அந்த நாலு நாள் மட்டும் அது உண்மை.

எவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறோம்
எங்களை நாங்களே.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.
யாராவது பார்த்திருப்பார்களே?

பார்த்தவர் ஒருவர் உண்டு.
நஞ்சுண்டையா, குடியிருப்போர் சங்கச் செயலாளர்,
எதிர்வீடு.
நாங்கள் குடிவந்த இருபதாம் நாள்
பாணஸ்வாடி ஸ்டேஷனில் பிராது கொடுத்தவர்.
இருவருக்கும் வயது வந்துவிட்டது, போங்க, என்றார் எஸ்.ஐ.,
அரைமணிநேர அறிவுரைக்குப் பிறகு.
அன்றிரவு அழுதேன். அப்புறம் இருவரும்
அவர் தும்முவது போல் தும்மிக் காட்டிச் சிரித்தோம்.
லிஃப்டில் ஒன்பது வருஷமாக
அவர் எண்களைப் பார்ப்பார், நான் தரையை.

மணி அடித்தேன்.
அய்யா, அந்தப் பிராது நகல்.
மன்னிப்பு கேட்கவில்லை அவர். ஏன் என்றும் கேட்கவில்லை.
கோப்பு எடுத்துவந்தார். துளையிட்டு, நாடா கட்டி,
ஸ்டேஷன் முத்திரை நீலம் கலையாமல்.
கன்னடத்தில் மணிமணியான எழுத்து:

"204ஆம் எண் வீட்டில் தாலியில்லாத ஒரு பெண்ணும் ஒரு ஆணும்
கண்ட-ஹெண்டதியந்தெ வாழ்கிறார்கள்.
இரண்டு பேர் வந்தார்கள்,
ஒரே கட்டில்தான் ஏற்றப்பட்டது.
நேரில் கண்டேன்."

கணவன் மனைவியைப் போல.
போல, புரைய, ஒப்ப, உறழ.
தங்கவயல் பள்ளியில் பெஞ்சு மேல் ஏற்றி
ஒப்பிக்க வைத்தார்கள்.
ஒருநாள் அதன் மேல்
என் வீட்டுச் சாவியும் ஜீவனாம்சமும் தொங்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

முதல் வாய்தாவில் நீதிபதி விடுப்பு.
இரண்டாவதில் வக்கீல்கள் புறக்கணிப்பு.
மூன்றாவதற்கும் வந்திருந்தார் நஞ்சுண்டையா,
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை,
மடியில் கோப்பு.
பெஞ்சின் மறுமுனையில் சபேசன்
ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் கழித்து
என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:
அந்தக் கட்டில் யார் வாங்கினது?

பாதிப் பாதி, அய்யா.

சே, என்றார்.
அதையும் எழுதியிருக்கணும்.